அடியில சுரங்கம், மேல ஓடை: நிலக்கரிச் சுரங்கத்தைச் சுத்தி தண்ணியை எப்படி அளக்குறாங்க? அடிக்கடி கேக்குற கேள்விகள்

சிட்னிக்குத் தெக்க, வொல்லாங்காங் போற ரோட்டுக்கு மேற்கால ஒரு பெரிய காடு இருக்கு. அந்தக் காட்டுக்கு 300லேர்ந்து 500 மீட்டர் அடியில நிலக்கரி வெட்டுறாங்க. அதே காட்டுல பெய்யுற மழைதான் சின்னச் சின்ன ஓடையா ஓடி கேட்டராக்ட், கோர்டோ, ஏவன், நெப்பியன், வொரனோரா அணைகளுக்குப் போய்ச் சேருது. அந்த ஏரியாவுக்கு சதர்ன் கோல்ஃபீல்ட்னு பேரு. நான் கொஞ்ச வருஷம் சுரங்கம் பக்கத்துல தண்ணி அளக்குற ஃபீல்ட் வேலை பாத்தவன். ஃபிரண்ட்ஸ், சொந்தக்காரங்க, கோயில்ல பாக்குறவங்கன்னு எல்லாரும் இதைப் பத்தி ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேக்குறாங்க, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

சுரங்கம் அவ்ளோ ஆழத்துல இருக்கு, மேல ஓடுற ஓடைக்கு அதனால என்ன ஆகிடப்போகுது?

இங்க வெட்டுற முறைக்கு லாங்வால்னு பேரு. ஒரு பெரிய மெஷின் நிலக்கரியைச் செவுரு மாதிரி அப்படியே சீவிக்கிட்டே போகும், மேல கூரை விழாம ஹைட்ராலிக் முட்டு வரிசையா நிக்கும், மெஷின் முன்னால நகர நகர முட்டும் கூடவே நகரும், பின்னால விட்டுட்டு வந்த எடத்துல கூரை மடமடன்னு விழுந்துடும். விழணும்னுதான் அந்த டிசைனே. ரெண்டரை மூணு மீட்டர் உயரத்துக்கு நிலக்கரியை எடுத்துட்டா, மேல இருக்குற பாறை அடுக்கு ஒவ்வொண்ணா ஒடைஞ்சு வளைஞ்சு கீழ எறங்கும், கடைசில தரையும் கொஞ்சம் தாழும்.

சமதரையா இருந்தா தாழ்றதோட போயிடும். பள்ளத்தாக்குலதான் வேற ஒண்ணு நடக்குது. ரெண்டு பக்கக் கரையும் ஒண்ணை ஒண்ணு நோக்கி லேசா நெருங்கி வரும், நடுவுல இருக்குற ஓடைப் பாறைக்குப் போக எடமில்லாம மேல தூக்கிக்கும். நம்ம வீட்டுல வெயில் காலத்துல டைல்ஸ் திடீர்னு டப்புனு தூக்கிக்கிட்டு ஒடையும்ல, அதே கதைதான். ஓடைப் படுகையில விரிசல் விழுந்துடும், மேல ஓடிக்கிட்டிருந்த தண்ணி விரிசலுக்குள்ள எறங்கிடும். ஓடை சுரங்கத்துக்கு நேர் மேலதான் இருக்கணும்னு அவசியமும் இல்ல, கொஞ்சம் தள்ளி இருந்தாலும் ஆகும்.

இது நெஜமா நடந்திருக்கா, இல்ல சும்மா பயமுறுத்துறாங்களா?

நடந்திருக்கு. 1990கள்ல கேட்டராக்ட் ஆத்துக்கு அடியில வெட்டினப்ப படுகை ஒடைஞ்சு தண்ணி எறங்கிடுச்சு, மீத்தேன் வாயு ஆத்துல குமிழ் குமிழா வந்துச்சு. அப்புறம் ஹெலன்ஸ்பர்க்ல இருக்குற மெட்ரோபாலிட்டன் சுரங்கத்துக்கு மேல ஓடுற வாரட்டா ரிவ்யூலெட். இது வொரனோரா அணைக்குப் போற முக்கியமான ஓடை. 2000கள்ல இதோட படுகை வெடிச்சு, எப்பவும் தண்ணி நிக்குற குட்டைங்க வத்திப்போச்சு. இதெல்லாம் பாத்துட்டுத்தான் நியூ சவுத் வேல்ஸ் அரசு ஒரு விசாரணை வச்சுது, 2008ல ரிப்போர்ட் வந்துச்சு.

2009ல அந்தச் சுரங்கத்துக்குப் புது அனுமதி குடுத்தப்ப ஓடைக்குன்னு தனியா கண்டிஷன் போட்டாங்க. கரை ரெண்டும் எவ்ளோ நெருங்கும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, அது 200 மில்லிமீட்டருக்குள்ள இருக்குற மாதிரி டிசைன் பண்ணா ஓடைக்குப் பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு அளவுகோல் வச்சிருந்தாங்க. ஆனா பக்கத்துலயே ஓடுற ஈஸ்டர்ன் ட்ரிபியூட்டரியில, கணக்கு 200க்குக் கீழ இருந்த எடத்துலயே குட்டைங்க ஒடைஞ்சு வத்துச்சு. இது என்னை ரொம்ப பாதிச்ச விஷயம். ஏன்னா அங்க கண்காணிப்பு இருந்துச்சு, கருவி இருந்துச்சு, ரிப்போர்ட் எல்லாம் டயத்துக்குப் போச்சு, ஆனாலும் ஓடை போயிடுச்சு. அளக்குறதும் காப்பாத்துறதும் ஒண்ணு இல்லன்னு எனக்குப் புரிய வச்சது அந்த ஓடைதான்.

நான் டூங்காபியில இருக்கேன், என் வீட்டுக் குழாய்த் தண்ணிக்கு ஏதாவது ஆபத்தா?

பயப்பட வேண்டாம். மேற்கு சிட்னிக்குப் பெரும்பாலும் வாரகம்பா அணைத் தண்ணிதான் ப்ராஸ்பெக்ட் சுத்திகரிப்பு நிலையம் வழியா வருது. வொரனோரா அணைத் தண்ணி சதர்லேண்ட் பக்கம் போகுது, ஏவன் தண்ணி வொல்லாங்காங் பக்கம். எல்லாமே சுத்திகரிச்சுத்தான் வருது. இங்க முக்கியமான கேள்வி எவ்ளோ தண்ணி அணைக்கு வந்து சேராமப் போகுது, அது எவ்ளோ காலத்துக்கு, அப்புறம் ஓடையும் சதுப்பும் உயிரோட இருக்குமாங்கறதுதான்.

அப்ப என்னென்னதான் அளக்குறாங்க?

ஓடையில ஓடுற அளவு, குட்டையோட மட்டம், நிலத்தடி நீர் அழுத்தம், தண்ணியோட தரம், சதுப்புல மண் ஈரம், தரை எவ்ளோ தாழ்ந்துச்சுங்கற சர்வே, சுரங்கத்துக்குள்ளேர்ந்து எவ்ளோ தண்ணி பம்ப் பண்றாங்கங்கற கணக்கு, கூடவே மழை. மழை அளவு இல்லாம மத்த எதுக்கும் அர்த்தம் கெடையாது.

பீசோமீட்டர்னு சொல்றாங்களே, அது போர்வெல் தானே?

பாதி சரி. சாதாரண வகையில ஒரு சின்ன குழாயை போர் போட்டு எறக்கி, அடியில மட்டும் சல்லடை வச்சு, உள்ள தண்ணி எந்த மட்டத்துல நிக்குதுன்னு பாப்பாங்க. கெணத்துல கயிறு விட்டுப் பாக்குற மாதிரிதான்.

ஆழமான பாறைக்கு வேற வகை, வைப்ரேட்டிங் வயர். ஒரே போர்ல 50 மீட்டர், 120 மீட்டர், 200 மீட்டர்னு பல ஆழத்துல சென்சாரைக் கட்டி எறக்கிட்டு, மொத்த போரையும் சிமெண்ட்டும் பென்டோனைட் களிமண்ணும் கலந்து அடைச்சிடுவாங்க. சென்சாருக்குள்ள இழுத்துக் கட்டுன ஒரு கம்பி இருக்கும், தண்ணி அழுத்தம் மாறினா கம்பியோட இறுக்கம் மாறும், தட்டினா வர்ற சுருதி மாறும். வீணைக் கம்பியை முறுக்கினா சுருதி ஏறுமே அதேதான், அந்த சுருதியை வச்சு அழுத்தத்தைக் கணக்குப் போடுறாங்க. ஒரு மீட்டர் தண்ணிக்குச் சுமார் 9.8 கிலோபாஸ்கல்.

ஏன் பல ஆழம்னா, இங்க பாறை அடுக்கு அடுக்கா இருக்கு. மேல ஹாக்ஸ்பரி மணற்கல், கீழ பால்ட் ஹில் களிக்கல், அதுக்குக் கீழ பல்கோ மணற்கல், இன்னும் கீழ போனா நிலக்கரி. களிக்கல் அடுக்கு ஒரு மூடி மாதிரி தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும்ங்கறது நம்பிக்கை. லாங்வால் கீழ போனதும் அடி சென்சார்ல அழுத்தம் சர்ருன்னு விழும், அது எதிர்பாத்ததுதான். ஆனா அந்த வீழ்ச்சி மூடிக்கு மேலயும் ஏறி வருதா, அதுதான் பாக்க வேண்டியது. ஒரே ஒரு ஆழத்துல அளந்துட்டு நிலத்தடி நீருக்கு ஒண்ணும் ஆகலன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

இன்னொரு சின்ன விஷயம், ஃபீல்டுக்குப் புதுசா வர்ற பசங்களுக்கு இதை நான் எப்பவும் சொல்லுவேன். குழாய்க்குள்ள தொங்க விடுற லாகர், அதாவது அளவைத் தானா பதிவு பண்ற கருவி, பல சமயம் தண்ணி அழுத்தத்தோட காத்தழுத்தத்தையும் சேத்துத்தான் அளக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் காத்தழுத்தம் மாறினா ஒரு சென்டிமீட்டர் தண்ணி மட்டம் மாறின மாதிரி காட்டும். புயல் மழை வர்றப்ப காத்தழுத்தம் 20 எறங்கும், அதைக் கழிக்காம விட்டா 20 சென்டிமீட்டர் தண்ணி கொறைஞ்சுபோச்சுன்னு பேப்பர்ல வரும்.

பேஸ்லைன், பேஸ்லைன்னு சொல்றீங்களே, அதுக்கு ஏன் இவ்ளோ முக்கியத்துவம்?

நீங்க வேற எதையும் படிக்கலைன்னாலும் இதை மட்டும் படிங்க. பேஸ்லைன்னா சுரங்கம் வர்றதுக்கு முன்னாடியே அளந்து வச்ச ரெக்கார்டு. ஒரு குட்டை வத்திடுச்சு. சுரங்கத்தாலயா வறட்சியாலயா? சுரங்கம் வர்றதுக்கு முன்னாடி அந்தக் குட்டை கோடையில எப்படி இருந்துச்சுன்னு ரெக்கார்டு இல்லைன்னா யாராலயும் நிச்சயமாச் சொல்ல முடியாது, ரெண்டு பக்கமும் வக்கீல் வச்சு வருஷக்கணக்கா பேசலாம், ஓடைக்கு ஒரு சொட்டு கெடைக்காது.

ரெண்டு வருஷம் முன்னாடி அளந்தாப் போதும்னு வழக்கமாச் சொல்லுவாங்க. என் அனுபவத்துல அது பத்தாது. சிட்னி மழையைப் பாருங்க, 2017லேர்ந்து 2019 வரைக்கும் கடும் வறட்சி, 2020 பிப்ரவரி ஆரம்பத்துல அணைங்கள்ல 42 சதவீதம் கிட்டதான் இருந்துச்சு, அந்த ஒரே மாச மழையில 80ஐத் தாண்டிடுச்சு. 2018, 2019 ரெண்டையும் பேஸ்லைனா எடுத்தீங்கன்னா அப்புறம் வர்ற எல்லா வருஷமும் ஓடை அருமையா இருக்குற மாதிரிதான் தெரியும், 2021, 2022ஐ எடுத்தீங்கன்னா அப்படியே தலைகீழ். அதனால முன்னாடி பின்னாடி பாத்தா மட்டும் பத்தாது, சுரங்கம் தொடாத பக்கத்து ஓடை ஒண்ணை அதே கருவி வச்சு அதே காலத்துல அளக்கணும். ரெண்டும் ஒரே மழையைப் பாக்குது, ஒண்ணு வத்துது இன்னொண்ணு வத்தலைன்னா அப்பதான் பதில் கெடைக்குது. அந்த ஒப்பீட்டு ஓடையையும் பல வருஷம் கழிச்சு சுரங்கத்துக்குள்ள சேத்துடாம இருக்கணும், இது எல்லாத் திட்டத்துலயும் யோசிக்கிறதில்ல.

ஓடையில எவ்ளோ தண்ணி ஓடுதுன்னு எப்படிக் கணக்குப் போடுறது?

ஓடைக்குக் குறுக்க ஒரு தகடு வச்சு நடுவுல வி ஷேப்ல வெட்டி விடுவாங்க, நம்மூரு ஏரிக் கலங்கல் மாதிரின்னு வச்சுக்குங்க. தண்ணி அந்த வெட்டுல எவ்ளோ உயரத்துக்கு வழியுதுங்கறதை வச்சு ஓட்டத்தைக் கணக்குப் போடலாம். 90 டிகிரி வெட்டுல 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தா செகண்டுக்கு 4.4 லிட்டர் கிட்ட, உயரம் பாதியாகி 5 சென்டிமீட்டர் ஆனா ஓட்டம் பாதியாகாது, 0.8 லிட்டருக்கு விழுந்துடும். அதனால சின்ன ஓட்டத்துலதான் தப்பு பெருசாகும். ஒரு யூகலிப்டஸ் எலை வெட்டுல சிக்கி மட்டத்தை ஒரு சென்டிமீட்டர் தூக்கிடுச்சுன்னா 5க்குப் பதிலா 6ன்னு காட்டும், கணக்குல ஓட்டம் அம்பது சதவீதத்துக்கு மேல கூடிடும்.

நாம தேடுறதும் அந்தச் சின்ன ஓட்டத்தைத்தான். வெள்ளம் வர்றப்ப எல்லா ஓடையும் ஒரே மாதிரிதான் இருக்கும், விரிசலோட வேலை தெரியறது மழை நின்னு ரெண்டு மூணு வாரம் கழிச்சுத்தான். நான் வேலை பாத்த ஒரு எடத்துல பேட்டரி செத்துப்போய் சரியா அந்த மாதிரி ஒரு வறண்ட மாசம் முழுக்க டேட்டா இல்லாமப் போச்சு, அந்த மாசம்தான் கீழ லாங்வால் கடந்து போனது. அந்த ஓட்டையை எந்த மாடல் வச்சும் நெரப்ப முடியல. இன்னமும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கும்.

ஓடை காவி கலர்ல இருக்கே, அது என்ன?

இரும்பு. தண்ணி புதுசா ஒடைஞ்ச பாறை விரிசலுக்குள்ள போய் மணற்கல்லுல இருக்குற இரும்புத் தாதைக் கரைச்சுக்கிட்டு வந்து, கீழ எங்கயாவது வெளிய வந்ததும் காத்து பட்டு துருவா படியுது, பாக்டீரியாவும் சேந்து வழவழன்னு பாய் விரிச்ச மாதிரி ஆக்கிடும். கூடவே மாங்கனீஸ், சில எடத்துல அலுமினியம், ஜிங்க், நிக்கல். தண்ணியில இருக்குற ஆக்ஸிஜனையும் இந்த வேலை உறிஞ்சிடும், பூச்சிங்களுக்கும் மீனுக்கும் கஷ்டம். ஒண்ணு சொல்லணும், இந்த மணற்கல் நாட்டுல இயற்கையாவே அங்கங்க காவி ஊத்து உண்டு, தண்ணியும் இயல்பாவே கொஞ்சம் அமிலமாத்தான் இருக்கும். அதனால கலரைப் பாத்த ஒடனே சுரங்கம்னு சொல்லிட முடியாது, முன்னாடி இருந்துச்சான்னு கேக்கணும்.

சாம்பிள் எடுக்குறப்ப அங்கயே 0.45 மைக்ரான் ஃபில்டர்ல வடிகட்டி ஆசிட் போட்டு ஐஸ்பெட்டியில வைக்கணும். இல்லைன்னா கரைஞ்சிருக்குற இரும்பு பாட்டில்லயே படிஞ்சுடும், லேப் ரிசல்ட்ல இரும்பு கம்மின்னு வரும்.

காணாமப் போற தண்ணி எங்கதான் போகுது?

இதுலதான் பெரிய சண்டையே. மூணு வழி இருக்கு. விரிசல்ல எறங்கி கொஞ்ச தூரம் பாறைக்குள்ளயே ஓடி கீழ திரும்ப வெளிய வரலாம், இல்ல பக்கவாட்டுல வேற பள்ளத்தாக்குக்குப் போகலாம், இல்ல நேரா சுரங்கத்துக்குள்ளயே போயிடலாம். முதல் வழின்னா அணைக்கு நஷ்டம் கம்மி, ஆனா நடுவுல இருக்குற ஓடைத் துண்டு செத்துடும். மூணாவதுன்னா அணைக்கு நேரடி நஷ்டம்.

சுரங்கத்துக்குள்ள போகுதான்னு பாக்க முதல்ல வரவு செலவுக் கணக்கு. தூசி அடக்க உள்ள அனுப்புன தண்ணி, வெளிய பம்ப் பண்ண தண்ணி, நிலக்கரி ஈரத்தோட போறது, காத்தோட ஆவியாப் போறது, எல்லாம் கழிச்சா பாறையிலேர்ந்து ஊறி வந்தது எவ்ளோன்னு தெரியும். அந்த ஊத்து மழைக்கு அப்புறம் ஏறுதான்னா மேலேர்ந்து வழி இருக்குன்னு அர்த்தம். கோர்டோ, ஏவன் அணைகளுக்கு நடுவுல இருக்குற டென்ட்ரோபியம் சுரங்கத்துல இந்த மாதிரி மழையோட சேந்து ஏறுற ஊத்து பதிவாகியிருக்கு. ரெண்டாவது ட்ரிட்டியம், அது ஹைட்ரஜனோட கதிரியக்க வகை. 1950, 60கள்ல அணுகுண்டு சோதனைக்கு அப்புறம் மழையில அது கூடுச்சு, 12.3 வருஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும், ரொம்பப் பழைய ஆழத்துத் தண்ணியில அது இருக்காது. சுரங்கத் தண்ணியில ட்ரிட்டியம் கெடைச்சா அதுல அண்மைக்கால மழை கலந்திருக்கு.

பாறை எவ்ளோ உயரத்துக்கு ஒடையுதுங்கறதுக்கு ரெண்டு மூணு ஃபார்முலா இருக்கு, ஒண்ணுக்கொண்ணு நெறைய வித்தியாசம். அகலமும் முக்கியம், மெட்ரோபாலிட்டன்ல பேனல், அதாவது லாங்வால் வெட்டுற ஒரு நீளத் துண்டு, சுமார் 163 மீட்டர் அகலம், டென்ட்ரோபியத்துல சுமார் 305, அதுவும் ஆழம் கம்மி. அரசு பேராசிரியர் ஜிம் கால்வின் தலைமையில நிபுணர் குழு போட்டு, 2019ல அவங்க இறுதி ரிப்போர்ட் குடுத்தாங்க, எச்சரிக்கையான ஃபார்முலாவையே எடுத்துக்கச் சொன்னாங்க. டென்ட்ரோபியம் விரிவாக்கத்தை 2021 பிப்ரவரியில சுதந்திரத் திட்டமிடல் ஆணையம் நிராகரிச்சுது. அந்த நிலக்கரி போர்ட் கெம்ப்ளா எஃகு ஆலைக்குப் போறது, பல குடும்பத்துக்கு வேலை அதுலதான், அதையும் மதிக்கிறேன்.

டார்ப்னு ஒண்ணு சொல்றாங்களே?

ட்ரிக்கர் ஆக்ஷன் ரெஸ்பான்ஸ் பிளான்ங்கறதோட சுருக்கம். எந்த அளவு தாண்டினா என்ன செய்யணும்னு முன்கூட்டியே எழுதி வச்ச பட்டியல். குட்டை மட்டம் பேஸ்லைனை விட கீழ போனா லெவல் ஒண்ணு, இன்னும் போனா ரெண்டு, மூணு. நல்ல ஏற்பாடுதான், ஆனா ஒவ்வொரு பட்டியல்லயும் கடைசிக் கட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. "ஆய்வு செய்யப்படும், தெரிவிக்கப்படும்"னு மட்டும் இருந்தா அது அறிவிப்புதான். "வெட்டுறதை நிறுத்தணும்"னு இருந்தாத்தான் பிரேக். மெஷின் வாரத்துக்குப் பல மீட்டர் நகருது, டேட்டா மூணு மாசத்துக்கு ஒரு தடவை எறக்குனா ட்ரிக்கர் அடிக்கிறப்ப மெஷின் ஓடையைத் தாண்டிப் போயிருக்கும். அதனால டெலிமெட்ரி, அதாவது டேட்டாவைத் தானா ஆபீசுக்கு அனுப்புற கருவி, வச்சு தினமும் பாக்கணும்ங்கறது என் கருத்து.

விரிசலை அடைச்சிட முடியாதா?

சிமெண்ட் கிரவுட்டிங் பண்ணியிருக்காங்க, வாரட்டா ரிவ்யூலெட்ல பாலியூரித்தேன் ரெசின் செலுத்தியிருக்காங்க. சில குட்டையில தண்ணி திரும்ப நின்னுச்சு. ஆனா பாறைத் தடுப்பு இருக்குற குட்டைக்குத்தான் இது சரிப்படும், கிலோமீட்டர் கணக்குல ஒடைஞ்ச படுகைக்கு எப்படிப் பண்றது? சதுப்புக்கு இது சுத்தமா ஒத்துவராது.

சதுப்பா? மலை மேலயா?

ஆமா, மணற்கல் மேட்டுல ஸ்பாஞ்சு மாதிரி இருக்குற சதுப்பு, மழையைப் பிடிச்சு வச்சு மெதுவா ஓடைக்கு விடும். கடலோர மேட்டுச் சதுப்புன்னு அழியும் நிலையில இருக்குற வாழ்விடமா 2012ல மாநிலமும் 2014ல மத்திய அரசும் பட்டியல் போட்டிருக்கு. அடிப்பாறை வெடிச்சா ஈரம் எறங்கிடும். செடி பச்சையாத்தான் இருக்கும், மாற வருஷக்கணக்காகும், அதனால செடியைப் பாத்து முடிவு பண்ணாம ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் ஆழத்துச் சின்ன பீசோமீட்டரைப் பாக்கணும். மழைக்கு அப்புறம் மட்டம் ஏறி உடனே சரிஞ்சா அடி ஓட்டை.

இது நெய்வேலி மாதிரியா?

இல்ல. நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம், அங்க பழுப்பு நிலக்கரிக்கு அடியில ஆர்ட்டீசியன் ஊத்து அழுத்தமா மேல தள்ளும், அதை எறக்க இடைவிடாம பம்ப் பண்றாங்க, அதனால சுத்துப்பட்டு நிலத்தடி மட்டம் பாதிக்குதுங்கறது அங்க இருக்குற விவசாயிங்களோட பிரச்சனை. இங்க பம்ப் பெருசில்ல, பாறை ஒடையறதுதான் பெருசு. கருவியும் கேள்வியும் ஒண்ணுதான்.

எங்க நிலத்துல சொந்த போர் இருக்கு, பக்கத்துல சுரங்கம் வருது. என்ன பண்ணணும்?

நியூ சவுத் வேல்ஸ்ல 2012 நீர்தாங்கி கொள்கைப்படி உங்க போர் மட்டம் ரெண்டு மீட்டருக்கு மேல எறங்கினா ஈடு செய்யுற ஏற்பாடு இருக்கணும். ஆனா எறங்குச்சுன்னு காட்ட முன்னாடி மட்டம் வேணும். இன்னைக்கே டேப் வாங்கி மாசம் ஒரு தடவை, பம்ப் போடறதுக்கு முன்னாடி, ஒரே எடத்துலேர்ந்து அளந்து தேதியோட எழுதி வைங்க. போட்டோவும் எடுங்க.

நேர்ல போய் ஓடையைப் பாக்கலாமா?

முடியாது. அணையைச் சுத்தி இருக்குற ஸ்பெஷல் ஏரியாவுக்குள்ள அனுமதி இல்லாமப் போனா 44,000 டாலர் வரைக்கும் அபராதம். சுரங்கக் கம்பெனிங்க வெளியிடுற வருஷாந்திர ரிப்போர்ட்டைப் பாருங்க. அதுல முதல்ல சுருக்கத்தைப் படிக்காதீங்க, பின்னிணைப்புல இருக்குற கிராஃபுக்குப் போங்க. ஒப்பீட்டு ஓடை கிராஃப்ல இருக்கா, மழை கூடவே வரைஞ்சிருக்கா, டேட்டா இல்லாத காலம் எது, அந்தக் காலத்துல லாங்வால் எங்க இருந்துச்சு.

பெரிய மழை பெஞ்சு எல்லாக் குட்டையும் நிரம்பிடுச்சே, ஓடை சரியாயிடுச்சுன்னு எடுத்துக்கலாமா?

குட்டை நிரம்பறதைப் பாக்காதீங்க, வத்தறதைப் பாருங்க. நல்ல குட்டையில மழை நின்னதும் மட்டம் சட்டுனு வழியுற விளிம்புக்கு வந்து, அப்புறம் ஆவியாகுற அளவுக்கு மட்டும், நாளைக்குச் சில மில்லிமீட்டர்னு மெதுவா எறங்கும். ஒடைஞ்ச குட்டையில விளிம்புக்குக் கீழயும் அதே வேகத்துல சென்டிமீட்டர் கணக்குல எறங்கிக்கிட்டே போய், ஒரு ஆழத்துல, அதாவது விரிசல் இருக்குற எடத்துல வந்து நிக்கும், இல்ல மொத்தமாக் காலியாகும். இதைப் பாக்க மழை இல்லாத மூணு வாரம் வேணும். 2020லேர்ந்து 2022 வரைக்கும் மழை விட்டு விட்டு வந்துக்கிட்டே இருந்ததால பல குட்டையில இந்த மூணு வாரம் அபூர்வமாத்தான் கெடைச்சுது, அந்த மூணு வருஷ டேட்டாவை மட்டும் காட்டி ஓடை மீண்டுடுச்சுன்னு யாராவது சொன்னா, அடுத்து வந்த வறண்ட மாசத்தோட கிராஃபையும் சேத்துக் கேளுங்க.